தரங்கம்பாடிக்கும் சென்னைக்கும் நடுவே

1799ஆம் ஆண்டு தரங்கம்பாடியிலிருந்து ஒரு பாதிரியார் சென்னைக்குப் புறப்பட்டார். யோஹான் பீட்டர் ராட்லர் என்று பெயர். ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்தவர். அப்போது வயது 50. தமிழ் மண்ணுக்கு வந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. போகிற வழியில் கண்ட செடிகளையெல்லாம் பறித்தார், தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார், ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதினார். போகவும் வரவுமாக அந்தப் பயணம் 1800 வரை நீண்டது. குறிப்புகள் கப்பலேறி பெர்லின் போயின. அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்டெனோ தன் விளக்கங்களையும் சேர்த்து 1803இல் ஜெர்மன் மொழியில் அச்சுக்குக் கொடுத்தார். அதே வில்டெனோவிடம் தாவரவியல் பழகிய ஹம்போல்ட், அதே 1799இல்தான் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். உலகம் முழுவதும் கொண்டாடிய பயணம் அது. ராட்லருடைய பயணத்தைப் பற்றி, அவர் கடந்துபோன ஊர்களில் இருக்கிற நமக்கே தெரியாது.

நான் திண்டிவனத்துக்காரன். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குத் தரைவழியாகப் போகிறவர் கொள்ளிடம் தாண்டி, கடலூர் தாண்டி, புதுச்சேரியை விட்டபிறகு பாலாற்றைத் தொடும்வரை எங்கள் மண்ணில்தான் போயாக வேண்டும். கடலோரமாகப் போனால் மரக்காணம், கொஞ்சம் உள்ளே போனால் திண்டிவனம். அன்றும் இன்றும் எங்கள் பகுதி பெரும்பாலானவர்களுக்குக் கடந்து போகிற இடம்தான். பஸ் நிற்கும், டீ குடிப்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள். ஆனால் தென்னிந்தியத் தாவரவியல் என்கிற படிப்பே இப்படிக் கடந்து போனவர்கள் வழியோரத்தில் குனிந்து பார்த்ததில் பிறந்தது. அந்த வழி எப்போது திறந்திருந்தது, எப்போது அடைபட்டது என்பதைப் பொறுத்தே ஐரோப்பாவுக்கு எந்தச் செடி எப்போது போய்ச் சேர்ந்தது என்பதும் அமைந்தது. இதைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. நானும் வகுப்பில் இருந்த காலத்தில் லின்னேயஸ், இருசொல் பெயர்முறை, 1753 என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

1799 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அந்த ஆண்டு மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் எங்கள் பகுதி படைகளின் நடைபாதையாகக் கிடந்தது. 1750இல் செஞ்சிக்கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1761இல் ஆங்கிலேயர் கைக்கு. நடுவில் 1760 ஜனவரியில் வந்தவாசிப் போர். 1778இல் புதுச்சேரி முற்றுகை. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது, ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் சாலையோரம் உட்கார்ந்து புல்லின் கதிரைப் பூதக்கண்ணாடியில் பார்க்க யாரால் முடியும்? ராட்லருடைய குறிப்புகள் நிதானமானவை, ஒவ்வொரு செடியாக நின்று பார்த்தவை. அந்த நிதானத்துக்குச் சாலை அமைதியானது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ராட்லருக்குச் செடி சேகரிக்கும் பழக்கத்தை ஊட்டியவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். இன்றைய லாட்வியாவில் 1728இல் பிறந்தவர். உப்சாலாவில் லின்னேயஸிடமே படித்தவர். 1764-65இல் ஐஸ்லாந்துக்குப் போய்ப் பனிக்குளிரில் செடி சேகரித்தார். அங்கே கண்ட விரல் உயரத்துச் சிறு செடி ஒன்றுக்கு லின்னேயஸ் தன் மாணவன் பெயரையே வைத்தார். 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தார். வந்த சில ஆண்டுகளில் அவர் அனுப்பிய செடிகள் லின்னேயஸின் மேசைக்குப் போய்விட்டன. 1771இல் வெளிவந்த நூலில் லின்னேயஸ் இன்னொரு முறை அவர் பெயரை வைத்தார். இந்த முறை நம் வீட்டுக் கறிவேப்பிலைக்கு. முர்ரயா கோனிகீ என்று பிளஸ் டூ மாணவர்கள் எழுதுகிறார்களே, அந்தக் கோனிக் இவர்தான். ஐஸ்லாந்தின் பனியில் முளைக்கிற ஒரு செடியிலும் திண்டிவனத்துக் கிணற்றடியில் நிற்கிற ஒரு மரத்திலும் ஒரே மனிதரின் பெயர்! ஒரு மாணவிக்கு இதைச் சொன்னபோது அவள் வீட்டுக்குப் போய்த் தாளிப்பில் கிடந்த இலையை எடுத்து அம்மாவுக்குக் காட்டிக் கதை சொன்னாளாம். லின்னேயஸ் காலத்துத் தாவரவியல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

கோனிக்குக்கு மிஷன் சம்பளம் போதவில்லை. ஊர் சுற்றிச் செடி தேடக் காசு வேண்டும். 1774இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலியிடம் இயற்கையியலாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் ஆனார், சயாம், மலாக்கா வரை போனார். தரங்கம்பாடியில் அவரைச் சுற்றி ஒரு வட்டம் உருவானது. ஜான், ராட்லர், கிளைன் போன்ற மிஷன்காரர்கள், பிறகு ராக்ஸ்பரோ போன்ற கம்பெனி மருத்துவர்கள். தங்களை ஐக்கிய சகோதரர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். ஒருவர் கண்டெடுத்த செடியை மற்றவர்களுக்கு அனுப்பி, எல்லோரும் சேர்ந்து யோசித்துப் பெயர் வைப்பார்கள். டேனிஷ்காரர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் என்று வெவ்வேறு கொடியின் கீழ் இருந்தவர்கள் ஒரு புல்லுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1785இல் காக்கிநாடா பக்கத்தில் கோனிக் இறந்தபோது அருகிலிருந்து வைத்தியம் பார்த்தவர் ராக்ஸ்பரோ. கையெழுத்துக் குறிப்புகளை லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார் கோனிக்.

இவர்களுக்கும் நூறு ஆண்டு முன்பே, 1690களில், சென்னைக் கோட்டையில் சாமுவேல் பிரௌன் என்ற மருத்துவர் செடி சேகரித்தார். கோட்டைக்கு வெளியே போகிற வழிகளில் பறித்த செடிகளுக்கு இந்த ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையும், எந்த நோய்க்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதினார். லண்டனில் பெட்டிவர் என்ற மருந்து வணிகர் அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் தமிழ்ப் பெயர்களோடு அச்சிட்டார். சென்னையிலிருந்து போன செடிகளுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. சளிக்கு அடையில் போட்டுத் தின்கிறோமே முசுமுசுக்கை, அதன் அறிவியல் பெயரில் மதராஸ் இருக்கிறது. நேத்திரப்பூண்டின் பெயரிலும் மதராஸ். அந்தப் பக்கம் தவசிமுருங்கையின் பெயரில் தரங்கம்பாடி. இந்த மூன்றும் திண்டிவனத்தைச் சுற்றி வேலியோரத்தில் கிடைக்கிறவை. வழியின் இரண்டு முனைகளுக்கும் பெயர் கிடைத்தது. பறித்தவர் எங்கே தங்கி மூட்டை பிரித்தாரோ அந்த ஊரின் பெயரே எழுதப்பட்டது, செடி முளைத்த ஊரின் பெயர் எழுதப்படவில்லை.

மூட்டை பிரிப்பது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். செடியைப் பறிப்பது ஐந்து நிமிட வேலை. அதைக் காப்பாற்றுவதுதான் வேலை. பறித்த கொம்பை விரித்து, ஒரு இலையாவது பின்பக்கம் தெரியும்படி புரட்டி, பூ நசுங்காமல் தாளில் வைத்து, மேலே தாள் அடுக்கி, பலகை போட்டுக் கட்ட வேண்டும். மறுநாள் ஈரம் உறிஞ்சிய தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் மாற்ற வேண்டும். அதற்கடுத்த நாளும் மாற்ற வேண்டும். என் மாணவர்கள் பழைய தினத்தந்தித் தாளை வைத்துச் செய்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும், இலைகள் கறுத்து உதிரும். கரையான் வந்தால் தாளும் போச்சு, செடியும் போச்சு. கற்றாழை, கள்ளி மாதிரி சதைப்பற்று உள்ளவை அழுத்தத்துக்குள்ளேயே துளிர்விடும். ஆனால் மழை பெய்தால்தான் எங்கள் மானாவாரி மண்ணில் செடிகள் பூக்கும். புன்செய்க் காட்டின் சிறு பூண்டுகளில் பாதி, மழை நின்ற சில வாரங்களில் பூத்துக் காய்த்துக் காணாமல் போய்விடும். காயவைக்க ஏற்ற வெயில் காலத்தில் செடி இருக்காது. செடி இருக்கிற காலத்தில் காயாது. இந்த இக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் இவர்கள் ஆயிரக்கணக்கில் சேகரித்தார்கள், அதையும் கப்பலில் ஏற்றி மாதக்கணக்கில் கடல் காற்றில் அனுப்பினார்கள். தாள் மாற்றியது யார், சுமந்தது யார், எந்த ஊரில் எது பூக்கும் என்று காட்டிக்கொடுத்தது யார் என்றால், பெரும்பாலும் பெயர் தெரியாத நம் ஆட்கள். ராபர்ட் வைட் என்ற பிற்கால மருத்துவர் ஒருவர்தான் தனக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயர்களையும் உலகம் அறியச் செய்தார்.

ராட்லர் செடிகளோடு நிற்கவில்லை. 1803இல் சென்னைக்கே வந்துவிட்டார், வேப்பேரியில் ஊழியம் செய்தார். முதுமையில் தமிழ்-ஆங்கில அகராதியை எடுத்துக்கொண்டார். அதன் முதல் பகுதி 1834இல் அச்சாகியது, அவருக்கு 85 வயது. 1836இல் இறந்தார். மிச்சத்தை வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் முடித்து 1841இல் நிறைவு செய்தார்கள். செடி கொடிகளின் பெயர்களை அந்த அகராதியில் தேடிப் பார்க்கிறபோதெல்லாம், வழியோரத்தில் குனிந்தவரின் காது எவ்வளவு திறந்திருந்தது என்று தோன்றும்.

இனி திருவக்கரைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு தாவரவியலாளர் கடந்து போகாமல் நின்று பார்த்த இடம் என்றால் அதுதான்.

வானூர் வட்டம், சங்கராபரணி ஆற்றங்கரை. சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியும் அந்த ஊருக்குப் பெருமை. சம்பந்தர் பாடிய தலம். பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்காது. கோயிலுக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேர்தான் பக்கத்தில் இருக்கிற கல்மரப் பூங்காவுக்கு வருவார்கள். செம்மண் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் படுத்துக்கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் நேற்றுக் காற்றில் சாய்ந்த மரம் மாதிரி. கிட்டப் போய்த் தட்டினால் கல். சில 15 மீட்டர் நீளம் வரை இருக்கும். பட்டையின் வரி தெரியும், கிளை முறிந்த கணு தெரியும், வெட்டுமுகத்தில் வளையங்கள் தெரியும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிற இந்த இடம் 9 பகுதிகளாக, மொத்தம் ஏறத்தாழ 247 ஏக்கர். 2 கோடி ஆண்டுக்கு முற்பட்ட மரங்கள்.

இவற்றைப் பற்றி முதலில் எழுதிய ஐரோப்பியர் பியர் சொன்னரா, ஆண்டு 1781 என்று புவியியல் துறையினர் குறிப்பிடுகிறார்கள். 1748இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். மொரீஷியஸில் பியர் புவாவ்ரிடம் வேலை பழகியவர். ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர் கையிலிருந்து பிடுங்கி வருவதற்காகப் போன கப்பலில் பயணம் செய்தவர். 1774க்குப் பிறகு இந்தியா, இலங்கை, மலாக்கா, சீனா என்று சுற்றினார். 1778 முற்றுகையின்போது புதுச்சேரிக்குள் இருந்தார். 1782இல் பாரிசில் அவருடைய பயண நூல் இரண்டு தொகுதிகளாக, 140 படங்களோடு வெளிவந்தது. குயவர், தச்சர், கோயில், தெய்வங்கள், பறவைகள், செடிகள் எல்லாம் அதில் உண்டு. கல்வராயன் மலைக்காரர்களுக்குத் தெரிந்த நம் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயர் அவர் பெயர்தான். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் உள்ள ஒரு மர இனத்துக்கும் அவர் பெயர்.

இந்த மனிதரை எந்த அளவு நம்பலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1776இல் நியூ கினி பயணம் என்று ஒரு நூல் எழுதினார். நியூ கினிக்கு அவர் போகவே இல்லை. அந்தத் தீவில் இல்லாத பென்குயினையும் ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியையும் அங்கே பார்த்ததாக எழுதி, படமும் போட்டார். அறிவியலில் இது பெரிய குற்றம், அதை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய ஒருவர் திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறது என்றால் பாரிசில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? ஆனால் இங்கே அவர் சொன்னது உண்மை. கல் சாட்சியாகக் கிடக்கிறது.

பூங்காவில் என் மாணவர்களோடு நின்றபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்: “இது மரம் இல்லீங்க சார். வக்ராசுரன் எலும்பு. பெருமாள் சக்கரத்தால அறுத்துப் போட்டாரு, அப்படியே கல்லாப் போச்சு.” பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவரிடம், “எலும்புன்னு எப்படிங்க ஐயா கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்டேன். “உள்ள பாருங்க, நரம்பு ஓடுது இல்ல?” என்றார். உயிரோடு இருந்த ஒன்று கல்லானது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் எந்தப் பயணிக்கும் முன்பே கண்டிருந்தார்கள். எந்த உயிர் என்பதில்தான் வேறுபாடு. பிள்ளைகளிடம் அதையே சொன்னேன்.

சொன்னராவுக்குப் பிறகு ஜான் வாரன் வந்தார். பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலப் படையில் சேர்ந்தவர், சென்னை வானாய்வுக்கூடத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர், தமிழ், தெலுங்கு நாட்காட்டிக் கணக்குகளை விளக்கிக் காலசங்கலிதம் என்ற நூலை 1825இல் வெளியிட்டவர். அவர் 1810இல் ஏசியாடிக் ரிசர்ச்சஸ் தொகுதியில் திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பிறகு இங்கிருந்து போன ஒரு துண்டு ஜெர்மனியில் ஷ்லைடனிடம் போய்ச் சேர்ந்தது. தாவரங்கள் எல்லாம் செல்களால் ஆனவை என்று 1838இல் சொன்னாரே, அதே ஷ்லைடன்தான். அவர் கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தபோது செல் சுவர்கள் தெரிந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரம் மட்கி அழிவதற்குள் அதன் செல்களில் புகுந்து படிந்துவிட்டது. வடிவம் அப்படியே நின்றது. கூம்பு மர வகையைச் சேர்ந்தது என்று அவர் 1855இல் பெயரிட்டார். 1931இல் லக்னோவிலிருந்து பீர்பல் சாஹ்னி அதை மறுபடி ஆராய்ந்து, போடோகார்ப்பஸ் குடும்பத்தோடு சேர்த்தார். அந்தக் குடும்பத்து மரம் ஒன்று இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இருக்கிறது. தென்னிந்தியாவின் ஒரே இயல்பான கூம்பு மரம் அது. அடுத்த தலைமுறையில் சி.ஜி.கே. ராமானுஜம் கடலூர் மணற்கல்லில் கிடைக்கும் கல்மரங்களை வரிசையாக ஆராய்ந்தார். மருது, குங்கிலியம், புன்னைக் குடும்பங்களைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. குங்கிலியக் குடும்பத்தின் பெருமரங்கள் இன்று எங்கள் பகுதியில் ஒன்றுகூடக் கிடையாது. அவற்றுக்கு வேண்டிய மழை இங்கே இல்லை. வேரோ கிளையோ இல்லாமல் அடிமரமாகவே கிடப்பதால், வேறெங்கிருந்தோ பெருவெள்ளம் அடித்துவந்து போட்டது என்பது ஆய்வாளர்களின் முடிவு. உயிருள்ள செடியைத் தேடி வந்தவர்கள் இங்கே 2 கோடி ஆண்டுக் காட்டின் மேல் இடறி விழுந்தார்கள். திருவக்கரைக்குப் போகிற வழியெல்லாம் கல்குவாரிகளும் ஜல்லி லாரிகளும். வேலிக்குள் இருப்பது பத்திரமாக இருக்கிறது. வேலிக்கு வெளியே மண்ணுக்குள் கிடப்பதை நினைத்தால் எனக்குக் கவலை.

1793இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது சொன்னராவும் கைதியானார். 1813இல்தான் பாரிஸ் திரும்பினார், அடுத்த ஆண்டே இறந்தார். 1816இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்ததும் லெஷனோ என்ற தாவரவியலாளரை அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவையும் ஜாவாவையும் பார்த்தவர். ஆனால் புதுச்சேரிக்கு வெளியே காலெடுத்து வைத்தால் ஆங்கிலேய மண். வில்லியனூரைத் தாண்டி ஒரு செடி பறிக்க வேண்டுமானால் ஆங்கிலேயர் அனுமதி வேண்டும். அதை லண்டனிலிருந்து வாங்கிக்கொடுத்தவர் ஜோசப் பாங்க்ஸ். இரண்டு அரசுகளும் இருபது ஆண்டு சண்டை போட்டு ஓய்ந்த மறு ஆண்டில் இந்த உதவி நடந்தது. லெஷனோ சேலம் போனார், நீலகிரி ஏறிய முதல் ஐரோப்பியத் தாவரவியலாளர்களில் ஒருவரானார், 1820இல் இலங்கை போனார். புதுச்சேரியிலிருந்து சேலத்துக்கு எந்த வழியில் போனாலும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தை மிதிக்காமல் போக முடியாது. விதைகளையும் கன்றுகளையும் ரீயூனியன் தீவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். செடி எடுக்கிறவர்கள் வெறும் ஆர்வத்தால் மட்டும் வரவில்லை. கரும்பு, பருத்தி, இலவங்கப்பட்டை என்று தம் தீவுகளில் எது விளையும் என்ற கணக்கும் கூடவே வந்தது. புதுச்சேரியில் வாழ்ந்து 1870இல் அங்கேயே இறந்த பெரோத்தே, அவுரியிலிருந்து நீலம் எடுக்கும் கலையைப் பற்றி 1842இல் தனி நூலே எழுதினார். அவுரி எங்கள் மாவட்டத்துப் பயிர். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்கள், இலையைத் தொட்டியில் ஊறவைத்து நீலம் எடுக்கிறார்கள்.

ஊர்ப்பெயர் ஒட்டாத குறை இருபதாம் நூற்றாண்டில் தீர்ந்தது. மல்லாட்டையால், அதாவது நிலக்கடலையால், தீர்ந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். திண்டிவனம் என்பதன் சுருக்கம். 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் விதைத்தார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த கடலைக்குத் திண்டிவனத்தின் பெயர். மதராஸும் தரங்கம்பாடியும் செடிகளின் பெயரில் ஏறியதற்கு நிகராகத்தான் இதை நான் வைக்கிறேன், மாணவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

ராட்லர் நடந்த காலத்துக் காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போக வேண்டும். இலை உதிர்க்காத குட்டையான வறண்ட காடு. காயா, வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை போன்ற மரங்களும், அவற்றைப் பின்னிக்கொண்டு ஏறும் கொடிகளும் உள்ள காடு. இந்த வகைக் காடு சோழமண்டலக் கரையோரத்திலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும்தான் உண்டு. மற்ற இடங்களில் விறகுக்கும் உழவுக்கும் முந்திரித் தோப்புக்கும் போய்விட்டது. ஐயனாருக்குப் பயந்து ஒரு குச்சி ஒடிக்காத ஊர்களில் மட்டும் தங்கியது. 1968இல் பொட்டல் செம்மண்ணில் தொடங்கிய ஆரோவில்காரர்கள் இப்படிப்பட்ட கோயில் காடுகளில் விதை பொறுக்கித்தான் பழைய காட்டை மறுபடி வளர்த்தார்கள்.

வழியோரத்துத் தாவரவியலுக்கு ஒரு எல்லை உண்டு. சாலை போகாத இடத்துச் செடி அதில் வராது. செஞ்சி மலைகளின் பாறை இடுக்குகளும், கல்வராயன் மலைச் சரிவுகளும் இந்தப் பயணிகளின் குறிப்புகளுக்கு வெளியே நின்றன. அதை நிரப்பியவர் திருச்சி புனித வளனார் கல்லூரியின் பாதிரியார் கே.எம். மாத்யூ. அங்குள்ள ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரத் தொகுப்பை மையமாக வைத்து, 1970களில் குழுவோடு மலை மலையாக ஏறி இறங்கி, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்கள் என்ற பெரும் நூலை 1981 முதல் 1983 வரை வெளியிட்டார். எங்கள் தென்னார்க்காட்டுச் செடி எதுவானாலும் நான் முதலில் புரட்டுகிற நூல் அது. அதை முடித்த பிறகு அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிகிறது. ராட்லரின் 1799-1800 பயணக் குறிப்பை ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்து, ஒவ்வொரு செடியும் இன்றைய பெயரில் எது என்று கண்டறிந்து, வழியின் வரைபடத்தோடு 1993இல் லண்டன் லின்னேயச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். 190 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பாதிரியாரின் மூட்டையை இன்னொரு பாதிரியார் பிரித்தார்.

1943இல் பெர்லின் மீது குண்டு விழுந்தபோது அங்கிருந்த மாபெரும் உலர்தாவரத் தொகுப்பு எரிந்துபோனது. வில்டெனோவின் தனித் தொகுப்பு மட்டும் வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்ததால் தப்பியது. ராட்லரும் கிளைனும் அனுப்பிய தாள்கள் அதில் உள்ளன. இப்போது அவற்றைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். என் பழைய மாணவர்கள் சிலர் ஆசிரியர்களாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தத் தாள்களைப் பெரிதாக்கிக் காட்டுகிறார். சாலை விரிவாக்கத்தில் புளிய மரங்கள் போன பிறகும் ஓரத்தில் மிஞ்சியிருக்கிற பூண்டுகளை மழை முடிந்ததும் பறித்து, பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்கிறார். மரக்காணத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இன்னும் கிடைப்பவை எவை, கிடைக்காதவை எவை என்று மாத்யூவின் பட்டியலில் குறித்துக்கொண்டு வருகிறார்கள். நானும் முடிந்தபோது கூடப் போகிறேன்.